மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு

பிப்ரவரி 2

நாற்காலிக்குக் கைகள் வேண்டாம் என்று இன்று மாலை முடிவு செய்யப்பட்டது.

எளிதில் எட்டிய முடிவல்ல. இரு தரப்பும் தம் வாதங்களை முழுமையாக முன்வைத்தன. தரப்புக்கு ஒரு ஆள். கை வைத்த நாற்காலியில் உட்காருகிறவர் தீர்ப்புச் சொல்ல வந்தவரைப் போல ஆகிவிடுகிறார் என்பது என் கட்சி. கை இல்லாவிட்டால் தூங்கி விழுவார் என்பது ஜெசிந்தாவின் கட்சி. எங்கள் மூன்றாவது படைப்புக்கு இடம் தந்த காசிலிங்கம் அண்ணாச்சி கொடுத்தனுப்பிய நாற்காலியில் ஒரு கை முன்பே உடைந்திருந்ததால் வரலாறு என் பக்கம் சாய்ந்தது. மீதிக் கையை நான் ரம்பத்தால் அறுத்தேன். ஜெசிந்தா "ம்" என்றாள். பிற்காலத்தில் எங்கள் கலையைப் பற்றி யாராவது எழுத நேர்ந்தால், அந்த "ம்" இந்தத் தேதியில் சொல்லப்பட்டது என்று குறித்துக்கொள்ளலாம்.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கலைஞர். அழைப்பிதழில் "ஜெசிந்தாவளன்" என்று அவள் பெயரையும் வளன் என்ற என் பெயரையும் சேர்த்து ஒரே பெயராகப் போடுகிறோம். அது ஒரு பெண்மணி என்று நம்பி "அம்மையீர்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவள் இயற்பியல் படித்தவள். நான் ஓவியம் படித்தவன். எண்கள் அவளுடையவை, கண்ணில் படுவது என்னுடையது. அவள் நிறத்தைத் தொடக்கூடாது, நான் கம்பியைத் தொடக்கூடாது. சண்டையில்லாமல் இருக்க ஆரம்பத்திலேயே செய்துகொண்ட ஏற்பாடு இது. சண்டை இருக்கிறது. ஏற்பாடும் இருக்கிறது.

தூத்துக்குடியின் நூறாண்டு மழையளவை ஒரு குடையில் பூவேலையாகத் தைத்தது எங்கள் முதல் படைப்பு. மழை குறைந்த ஊர் என்பதால் குடையில் துணியே அதிகம் தெரிந்தது. கடற்காற்றின் வேகத்தை உப்புக் குவியல்களாக வரிசை வைத்தது இரண்டாவது. திறப்பு விழா அன்று மழை பெய்தது.

பிப்ரவரி 5

கடற்கரைச் சாலையில் காசிலிங்கம் அண்ணாச்சியின் பழைய உப்புக் கிடங்கு. கிழக்கே பார்த்த வாசல், வண்டி நுழைகிற உயரத்தில் கதவு. உள்ளே இருட்டாக இருக்க வேண்டும் என்பதால் கதவுக்குப் பின்னால் கறுப்புத் திரை கட்டினேன். அண்ணாச்சி வந்து பார்த்தார்.

"இது என்னம்மா செய்யும்?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டார். என்னிடம் கேட்பதில்லை. நான் பெயின்டர் என்று நினைத்திருக்கிறார்.

"மேல ஒரு தகடு தொங்கும் அண்ணாச்சி, உள்ளங்கை அகலத்துக்கு. கீழ நாற்காலிக்கு அடியில இன்னொரு தகடு. வானத்துல இருந்து சின்னச் சின்னத் துகள் எந்நேரமும் விழுந்துக்கிட்டே இருக்கு. ஒரு துகள் மேல் தகட்டுலயும் பட்டு அதே நொடியில கீழ் தகட்டுலயும் பட்டுச்சின்னா, மணி ஒருக்க அடிக்கும்."

"நடுவுல ஆளு உக்காந்திருந்தா?"

"ஆளுக்குள்ள பூந்து போவும்."

அண்ணாச்சி நாற்காலியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் கலியாணம் முடிச்சவியளா?"

"இல்ல அண்ணாச்சி, கூட்டு வேலை" என்றாள்.

"அதத்தான நானும் கேக்கேன்."

ஜெசிந்தா சிரித்தாள். மணியின் கயிறு சரியாக முடிச்சுப் போடப்பட்டிருக்கிறதா என்று நான் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 9

இன்று முதல் மணி அடித்தது.

ஜெசிந்தா தகடுகளைக் கறுப்பு டேப்பால் சுற்றி முடித்தாள். அவை ஒளியை உணரும் தகடுகள். துகள் பட்டால் உள்ளே மின்மினி அளவுக்கு ஒரு வெளிச்சம் வரும், அதைத்தான் கருவி எண்ணுகிறது. ஆகவே வெளி வெளிச்சம் ஒரு பொட்டுக்கூட உள்ளே போகக்கூடாது. எல்லாப் பக்கமும் டார்ச் அடித்துப் பார்த்துத் திருப்தியடைந்தாள். பிறகு என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று அவள் கணக்கு. சராசரியின் குணம் எனக்குத் தெரியும். அது யாருக்கும் நடப்பதில்லை. உட்கார்ந்து மளிகைச் சாமான்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கடுகு, வற்றல், துவரம்பருப்பு. அப்போது அடித்தது.

சின்ன ஒலி. பூசை மணியைவிடச் சின்னது. ஜெசிந்தா கருவியின் எண்ணைக் குறித்துக்கொண்டாள். பிறகு மெல்லிய குரலில் சொன்னாள்: "இப்ப ஒண்ணு உன் உச்சந்தலையில நுழைஞ்சு, நெஞ்சு வழியா, இடுப்பு வழியா இறங்கித் தரைக்குள்ள போயிருச்சி."

எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்தது. மனிதர்கள் வருவதற்கு முன்பே அது நடந்திருக்கலாம். அதிலிருந்து கிளம்பிய ஒரு பொடி, வெளியில் யாரும் இல்லாத தூரங்களைக் கடந்து வந்து நம் காற்றின் மேல் விளிம்பில் மோதி உடைகிறது. உடைந்த சில்லுக்கு மியூவான் என்று பெயர். அதன் ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. அந்த ஆயுளுக்குள் ஒளியின் வேகத்தில் ஓடினாலும் ஒரு கிலோமீட்டர்கூடப் போக முடியாது. பிறப்பதோ பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில். ஆகவே அது வழியிலேயே செத்திருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு வேகமாகப் போகிற பொருளுக்கு நேரம் மெதுவாக ஓடுமாம். அதன் கடிகாரத்தில் இரண்டு பங்கு முடிவதற்குள் நம் கடிகாரத்தில் நிறைய நேரம் போய்விடுகிறது. அதனால் உயிரோடு இறங்கி வந்துவிடுகிறது, இந்த உப்புக் கிடங்குக்கு, கடுகு வற்றல் என்று எண்ணிக்கொண்டிருந்த ஒருவனின் தலைக்கு.

உள்ளங்கையை நீட்டினால் ஏறக்குறைய நொடிக்கு ஒன்று வீதம் அதன் வழியே போகிறதாம். முப்பத்தெட்டு ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒருவரும் சொல்லவில்லை.

கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பஸ் நிற்கச் சைகை காட்டுகிறேன் என்று நினைத்து ஒரு மினி பஸ் நின்றது.

பிப்ரவரி 12

நாளை திறப்பு. நாற்காலிக்கு எண்ணெய் தேய்த்தேன். தரையைக் கழுவினேன். ஏணியில் ஏறிப் பார்த்தபோது மேல் தகட்டில் டேப்பின் விளிம்பு கோணல்மாணலாக நீட்டிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஜெசிந்தா சாப்பிடப் போயிருந்தாள். பிளேடால் நேராகக் கத்தரித்து விட்டேன். கீழே இறங்கி நின்று பார்த்தேன். அழகு.

பிப்ரவரி 13

திறப்பு. முதல் ஆளாகக் காசிலிங்கம் அண்ணாச்சி உட்கார்ந்தார். செருப்பைத் தானாகவே கழற்றினார். நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கூட்டம் நெளிந்தது. ஒரு நாளிதழ்க்காரர் இது எந்த ராசிக்கு விசேஷம் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். எல்லா ராசிக்கும் என்றேன், குறித்துக்கொண்டார். அப்போது மணி அடித்தது.

அண்ணாச்சி அசையவில்லை. "போயிருச்சா?" என்றார்.

"போயிருச்சி அண்ணாச்சி."

"எங்க?"

"பூமிக்குள்ள."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல" என்றார். குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. வெளியே போய்த் தன் உப்புக் குவியல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "அதுக்குள்ளயும் போவுதா?" என்றார். போகிறது என்றாள் ஜெசிந்தா. தலையை ஆட்டிக்கொண்டார். இன்று வந்தவர்களில் படைப்பை முழுமையாக உள்வாங்கியவர் அவர் என்பது என் எண்ணம். நாளிதழ்க்காரர் இரண்டாவது.

பிப்ரவரி 16

ஜெசிந்தாவுக்குப் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நிரந்தர வேலை, தரவுப் பிரிவு. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். வாழ்த்தினேன். மதியம் மீன் குழம்பில் உப்பு அதிகம்.

பிப்ரவரி 19

காலையில் கிடங்கைத் திறப்பது ஜெசிந்தாதான். ஏழு மணிக்கே வந்துவிடுவாள். நான் கலைஞன், ஒன்பது மணிக்கு மேல்தான் வருவேன். இன்று வந்ததும் என்னை ஓரமாக அழைத்துப் போனாள்.

"சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் வந்து கதவத் திறந்ததும் மணி அடிக்கி. ஒருக்க இல்ல, அஞ்சாறு தடவ. அப்புறம் திரையப் போட்டுட்டு வேலையப் பாத்தா ஒண்ணுமில்ல, பழைய மாதிரி பத்து நிமிசத்துக்கு ஒண்ணு. திறந்த மறுநாள்ல இருந்து இப்பிடித்தான்."

சிரிக்கவில்லை. பல்கலைக்கழகப் பதக்கம் வாங்கியவள் இதைச் சொல்கிறபோது எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அது உன்ன வான்னு கூப்பிடுது" என்றேன்.

"அப்பிடியெல்லாம் கூப்பிடாது. அதான் பிரச்சினை. இது என்னன்னு தெரியாம நான் எங்கயும் போக முடியாது."

பிப்ரவரி 20

ஆறரைக்கு எழுந்தேன். இதை வீட்டில் யாரும் நம்பவில்லை. கிடங்கு வாசலில் ஜெசிந்தாவின் பின்னால் நின்றேன். கடலிலிருந்து சூரியன் எழுந்து ஓர் ஆள் உயரத்துக்கு வந்திருந்தது. அவள் கதவைத் தள்ளினாள், திரையை ஒதுக்கினாள், உள்ளே ஓர் அடி வைத்தாள்.

மணி அடித்தது. மறுபடி அடித்தது. தொடர்ந்து அடித்தது.

நான் எதையும் எளிதில் நம்புகிறவன் அல்ல. ஜாதகம், தேர்தல் அறிக்கை, என் சித்தப்பாவின் நில விவகாரம் எதையும் நம்பியதில்லை. இன்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன் என்பதை இங்கே எழுதுகிறேன். காலை வெளிச்சம் முழுவதும் அவள் மேல் விழுந்திருக்க, வானம் அவள் பெயரைச் சொல்வது போல இருந்தது. அதில் எனக்கு வியப்பு இல்லை. வானத்துக்கு இவ்வளவு நாள் ஆனதுதான் வியப்பு.

அவள் பெங்களூருக்கு எழுதி அவகாசம் கேட்டுவிட்டாள். வரும் வழியில் ஒரு கிலோ மக்ரூன் இனிப்பு வாங்கினேன். யாருக்கும் பிறந்தநாள் இல்லை.

பிப்ரவரி 22

அவள் விடுவதாக இல்லை. மின்சாரம் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். கதவு அதிர்வா என்று பார்த்தாள். அண்ணாச்சியைப் பத்து மணிக்குக் கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னாள். மணி அடிக்கவில்லை. "என்னயப் பிடிக்கலையோ" என்றார். அவளே வெளியே போய்ப் பத்தரைக்கு உள்ளே வந்தாள். அப்போதும் இல்லை.

"வெளிச்சம் கசிஞ்சா இப்பிடி வரும்" என்றாள் மதியம். "ஆனா டேப் சுத்துன அன்னைக்கே டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். அதுக்கப்புறம் அத யாரும் தொடல."

உண்மையில் அன்று எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

பிப்ரவரி 23

மேகமூட்டம். உப்பளக்காரர்களுக்குக் கவலை. இன்று காலை மணி வரவேற்கவில்லையாம். ஜெசிந்தா முகம் சரியில்லை.

பிப்ரவரி 24

மேல் தகட்டில் தூசி தட்டினேன்.

பிப்ரவரி 25

எழுத ஒன்றுமில்லை. வெயில்.

பிப்ரவரி 27

ஜெசிந்தா கொல்கத்தாவில் இருக்கும் தன் பழைய பேராசிரியருக்குக் கடிதம் தயாரிக்கிறாள். இந்த மனிதர் பெயர் பாடப்புத்தகங்களில் வருகிறதாம். காலைச் சூரியனுக்கும் துகள் எண்ணிக்கைக்கும் தொடர்பு இருப்பது போலத் தெரிகிறது, தயவுசெய்து பாருங்கள் என்று எழுதுகிறாள். வரைபடம் வரைந்து இணைத்திருக்கிறாள். சிவப்பு நிறத்தில் வரைந்திருந்தாள். நிறம் என் துறை என்று சொல்லி நீலமாக மாற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்து பொட்டுக்கடலை தின்றேன்.

"தப்பா இருந்தா அவர் என்ன சொல்லுவாரு?" என்று கேட்டேன்.

"அவர் சொல்ல மாட்டாரு. நாலு பேருக்கு அனுப்புவாரு. அந்த நாலு பேரும் பெங்களூருல இருக்கறவங்களத் தெரிஞ்சவங்க." பேனாவைக் கடித்தாள். "அதான் எல்லாத்தையும் சரிபாத்துட்டேன். தகட்ட யாரும் தொடலல்லா."

அது கேள்வியாகக் கேட்கப்படவில்லை. ஆகவே பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 28

எங்கள் வாசலுக்கு இப்போது காலையிலேயே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஜெசிந்தா உள்ளே நுழைவதைப் பார்க்க. ஒரு அம்மாள் கையில் பூ வைத்திருந்தார். கொடுத்தார். ஜெசிந்தா வாங்க மறுத்து, இது துகள் என்றும் அதன் ஆயுள் இவ்வளவு என்றும் விளக்கினாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பூவை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்.

கடிதம் திங்கட்கிழமை காலை போகும்.

மார்ச் 1

ஞாயிறு. கிடங்கு விடுமுறை. ஜெசிந்தாவை வரச் சொன்னேன்.

"கடிதத்த அனுப்பாத."

"ஏன்?"

"ஏணியப் பிடி."

மேலே ஏறி, தகட்டின் கிழக்கு விளிம்பைக் காட்டினேன். பிறகு நான் இறங்க, அவள் ஏறினாள். அவள் அங்கே கொஞ்ச நேரம் இருந்தாள். கத்தரித்த கோட்டின் ஓரத்தில், நகத்தின் விளிம்பு அளவுக்கு டேப் விலகி உள்ளிருக்கும் ஈயத்தாள் மின்னுகிறது. பத்து மணிக்குமேல் சூரியன் அந்த இடத்தைத் தொடுவதில்லை. காலையில் மட்டும், கதவு திறந்தால், நேராக உள்ளே போகிறது. வெளிச்சம் பட்டதும் மேல் தகடு எந்நேரமும் "வந்துவிட்டது, வந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கீழ்த் தகடு மட்டும் உண்மையாக ஒன்று வந்தபோது ஆமாம் என்கிறது. இரண்டும் சேர்ந்தால் மணி. இதை அவள்தான் விளக்கினாள், மேலிருந்தபடியே, வகுப்பெடுப்பது போன்ற குரலில்.

"பிளேடு வெட்டு" என்றாள்.

"ஆமா."

"என்னைக்கி?"

"திறப்புக்கு முந்தின நாள்."

"எதுக்கு?"

"விளிம்பு கோணலா இருந்துச்சி."

"கோணலா இருந்துச்சி" என்று அவளும் சொன்னாள். இறங்கி வந்தாள். "ஓட்டைய நீ எப்பப் பாத்த?"

"செவ்வாய்க்கிழம தூசி தட்டும்போது."

"செவ்வாய்க்கிழமயா? நான் வெள்ளிக்கிழம அந்தக் கடிதத்த எழுதுறேன், நீ பக்கத்துல உக்காந்து கடலை தின்னுக்கிட்டுக் கலர் மாத்துற."

"பொட்டுக்கடலை" என்றேன்.

"வளன், எதுக்குச் சொல்லல?"

ஏணியின் இரண்டாவது படி ஆடுகிறது. ஆணி அடிக்க வேண்டும்.

அவள் பதிலுக்காக நின்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் எண்களைப் படிக்கிறவள், மற்றவற்றையும் படிப்பாள் போலிருக்கிறது. மேற்கொண்டு கேட்கவில்லை. "டேப் எங்க?" என்றாள்.

மார்ச் 2

தகட்டை அவளே புதிதாகச் சுற்றினாள். முன்பைவிடக் கோணல். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு கதவை மூடி, திரையைப் போட்டு, டார்ச் அடித்து, கதவைத் திறந்து, வெயிலை விட்டுப் பார்த்தோம். மணி அடிக்கவில்லை. வாசலில் காத்திருந்தவர்களுக்கு இன்று முதல் காலை வரவேற்பு இல்லை என்று அவளே போய்ச் சொன்னாள். ஏன் என்றும் சொன்னாள். பூ வைத்த அம்மாள், "அப்ப அது யாருக்குத்தான் அடிக்கும்?" என்றார். யாருக்கும் இல்லை என்றாள் ஜெசிந்தா. அந்த அம்மாள் அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

எல்லோரும் போனபின் ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் சுவரோரம் தரையில். பத்து நிமிடம் போனது, மேலும் போனது. வெளியே யாரோ லாரியில் உப்பு மூட்டை ஏற்றினார்கள். எதையும் நான் எண்ணவில்லை, மளிகைகூட.

அடித்தது. ஒரே ஒரு முறை.

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "என்னயப் பாக்க வரல."

"ஆமா."

"ஆனாலும் வந்துச்சி."

முதல் நாள் கேட்டபோது, சின்னதாக இருந்தும் மனதில் பெரிதாகப் பட்ட ஒலி. அவளை வரவேற்றதாக நான் நம்பிய நாளில் அதைவிடப் பெரிதாக இருந்தது. இன்று அதற்கும் அப்பால் இருந்தது, அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் இருப்பதே அதற்குத் தெரியாது. நட்சத்திரம் வெடித்தபோது ஊர் இல்லை, உப்பு இல்லை, அவளும் நானும் இல்லை. எந்த உத்தேசமும் இல்லாமல் கிளம்பி, சாக வேண்டிய இடத்தில் சாகாமல், வேறெங்கும் விழாமல், அவள் உட்கார்ந்திருந்த அந்த உள்ளங்கை அகலத்தில் விழுந்தது. யாரோ அனுப்பியது என்று நினைத்துக்கொள்வது இதைவிட எளிது. இதைவிடச் சின்னதும்கூட.

"எந்திரி, நீ உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். எனக்கு மணி வரும்வரை அவள் எங்கும் போகாமல் பக்கத்தில் நின்றாள். நெடுநேரம் ஆயிற்று. இன்னும் ஆகியிருக்கலாம்.

மார்ச் 3

பெங்களூருக்குச் சம்மதம் எழுதிவிட்டாள். கொல்கத்தாக் கடிதத்தைக் கிழித்தாள். நீல வரைபடத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏணிக்கு ஆணி அடித்தேன்.

மார்ச் 7

மாலை ரயில். அண்ணாச்சியும் வந்திருந்தார், இரண்டு கிலோ உப்போடு. பெங்களூரில் உப்பு கிடைக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"தகட்டத் தொடாத" என்றாள் ஜன்னலிலிருந்து.

"தொட மாட்டேன்."

"கோணலா இருந்தாலும்."

"இருக்கட்டும்."

"ஒருக்க நீயும் அங்க வந்து பாக்கலாம்லா வளன். அங்கயும் விழும்."

அதற்கு நான் ஏதோ சொன்னேன். ரயில் நகர்ந்த சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது. திரும்பும் வழியில் அண்ணாச்சி என்னோடு நடந்து வந்தார். கொஞ்ச தூரம் போனதும், "அந்தப் பிள்ளைக்குள்ளயும் இப்ப போய்க்கிட்டுதான இருக்கும், ரயில்ல?" என்றார். ஆமாம் என்றேன். நொடிக்கு எத்தனையோ.

மார்ச் 9

திறக்கும் நேரம் காலை ஏழு மணி என்று வாசல் பலகையில் ஜெசிந்தா எழுதியிருந்தாள். அழித்துவிட்டு ஒன்பதரை என்று எழுதினேன்.